பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில் வயதின் இடம்: ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெருங்குடல் புற்றுநோய் நீண்ட காலமாக முதுமையின் நோயாகக் கருதப்பட்டு வந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் 50 வயதிற்கு உட்பட்டோரிடம் இந்நோய் பெருகியிருப்பதும், மறுபுறம் 75 வயதைக் கடந்த நோயாளர் தொகை உயர்ந்திருப்பதும் சிகிச்சை முடிவுகளில் வயதுக்கு எவ்வளவு இடம் தருவது என்னும் வினாவை எழுப்பியுள்ளன. ஒரே நோய்நிலையில் உள்ள, ஆனால் வயதால் வேறுபட்ட மூவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மருத்துவச் சோதனைகள் தரும் சான்றுகளை இக்கட்டுரை விளக்குகிறது. இளையோருக்கு மிகைச்சிகிச்சையும் முதியோருக்குக் குறைச்சிகிச்சையும் நேர்வதற்கு வயதை மட்டுமே அளவுகோலாகக் கொள்வது ஒரு முதன்மைக் காரணம் என்பதும், கட்டியின் இயல்பு, உடலின் தாங்குதிறன், எஞ்சிய வாழ்நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்தறிவதே தகுந்த வழி என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பெருங்குடல் புற்றுநோய், இளவயது நோயாளர், முதியோர் முழுநிலை மதிப்பீடு, வேதிச்சிகிச்சை, லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி, நோயெதிர்ப்புச் சிகிச்சை.

முன்னுரை

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் மூன்றாம் இடத்திலும், இறப்புக்குக் காரணமாவனவற்றுள் இரண்டாம் இடத்திலும் உள்ளது. 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 9 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள் கூறுகின்றன. நோயாளர்களுள் பெரும்பாலோர் இன்றும் 50 வயதைக் கடந்தவர்களே. ஆயினும் அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்களை 1950ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்களுடன் அதே வயதில் வைத்து ஒப்பிட்டால், அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்கும் மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்கும் என 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 'பிளாக் பேந்தர்' திரைப்படத்தின் நாயகர் சாட்விக் போஸ்மன் இந்நோயால் 2020ஆம் ஆண்டு தம் 43ஆம் வயதில் இறந்தபோது, இம்மாற்றம் பொதுமக்கள் கவனத்திற்கும் வந்தது.

வயதைக் குறித்த வினா மருத்துவமனையில் எவ்வாறு எழுகிறது என்பதைத் தெளிவாக்க, கற்பனையான மூன்று நோயாளர்களை எண்ணிக் கொள்ளலாம். ஒருவருக்கு வயது 34, மற்றொருவருக்கு 58, மூன்றாமவருக்கு 79. மூவருக்கும் பெருங்குடலின் ஒரு பகுதி அறுவையால் அகற்றப்பட்டுள்ளது. மூவரின் திசு ஆய்வறிக்கையும் ஒன்றே: கட்டி குடல் சுவரின் தசையடுக்கைக் கடந்துள்ளது, ஆராயப்பட்ட 18 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்றணுக்கள் உள்ளன, தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவவில்லை. மூவரும் மூன்றாம் நிலை நோயாளர்கள். மூவருக்கும் சிகிச்சையும் ஒன்றேயாக இருக்க வேண்டுமா? வேறுபட வேண்டுமெனில், எதன் அடிப்படையில் வேறுபட வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு உள்ளிட்ட தனி முறைகள் உள்ளமையால் அது இங்கு விரிவாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1. நோய்நிலையும் பொதுச் சிகிச்சையும்

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு தசைமொட்டாகிய பாலிப்பிலிருந்து, பல ஆண்டுகள் கடந்து உருவாகிறது. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது, நிணநீர்க் கணுக்களை எட்டியுள்ளதா, கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா என்பவற்றைக் கொண்டு நோய் நான்கு நிலைகளாக வகுக்கப்படுகிறது. இவ்வகைப்பாட்டிற்கு 1932இல் அடித்தளமிட்டவர் ஆங்கிலேய நோய்க்குறியியல் அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ்.

முதல் மூன்று நிலைகளில் அறுவையே குணமளிக்கும் சிகிச்சையாகும். கட்டியுள்ள குடற்பகுதியை அதற்குரிய இரத்தக் குழாய்களோடும் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து அகற்றுவர். குறைந்தது 12 கணுக்களேனும் ஆராயப்பட்டிருந்தால்தான் நோய்நிலையை நம்பகமாகக் கூற இயலும். அறுவைக்குப் பின்னும் கண்ணுக்குப் புலப்படாத புற்றணுக்கள் உடலில் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை அழிக்கத் தரப்படுவதே துணை வேதிச்சிகிச்சை. மூன்றாம் நிலையில் இது வழக்கமான சிகிச்சையாக நிலைபெற்றது 1990ஆம் ஆண்டையொட்டியாகும். 1957இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் அறிமுகப்படுத்திய ஃபுளூரோயுராசில் என்னும் மருந்தே இன்றும் இதன் முதுகெலும்பு. அதன் மாத்திரை வடிவமாகச் செயல்படுவது கேப்சிடபின்.

2004இல் வெளிவந்த மொசைக் சோதனை அடுத்த திருப்பம். 2246 நோயாளர்களைக் கொண்ட அச்சோதனையில், ஃபுளூரோயுராசிலுடன் ஆக்சாலிபிளாட்டின் சேர்த்துப் பெற்றவர்களுள் 78.2 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகள் நோய் மீளாமல் வாழ்ந்தனர். ஃபுளூரோயுராசில் மட்டும் பெற்றவர்களுள் இது 72.9 விழுக்காடு. இந்த ஆதாயத்திற்கு ஒரு விலை உண்டு. ஆக்சாலிபிளாட்டின் புற நரம்புகளைத் தாக்கும். கை விரல்களும் பாதங்களும் மரத்துப்போகும். சிலருக்கு இது சிகிச்சை முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

இதனைத் தொடர்ந்து, ஆறு மாதச் சிகிச்சை தேவையா, மூன்று மாதம் போதுமா என்னும் வினா எழுந்தது. ஆறு சோதனைகளைச் சேர்ந்த 12,834 நோயாளர்களின் தரவுகளை ஒருங்கிணைத்து 2018இல் வெளியான ஐடியா ஆய்வு இதற்கு விடையளித்தது. இடர் குறைந்த மூன்றாம் நிலையில், கேப்சிடபினும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்த்து மூன்று மாதம் தருவது ஆறு மாதத்திற்குக் குறைந்ததன்று எனவும், நரம்புப் பாதிப்பு அதனால் பெரிதும் குறைகிறது எனவும் அது காட்டியது. நம் மூன்று நோயாளர்களும் இந்த இடர் குறைந்த வகையைச் சார்ந்தவர்களே. இனி அவர்களைத் தனித்தனியே நோக்கலாம்.

2. ஐம்பது வயதிற்கு உட்பட்டோர்

2.1 காலந்தாழ்ந்த கண்டறிதல்

இளவயதினர் பலரிடம் நோய் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது. இதற்கு உயிரியல் காரணங்கள் ஒரு பங்கு. எண்ணப் பழக்கம் மற்றொரு பங்கு. மலத்துடன் குருதி வெளிப்பட்டால் அதனை 'மூலம்' என்று நோயாளரே முடிவு செய்துகொள்வதும், இளையவர் என்பதால் மருத்துவரும் அதனை ஏற்றுக்கொள்வதும் தமிழ்ச் சூழலில் அரிதன்று. இளவயதினரின் கட்டிகள் பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பகுதியிலும் மலக்குடலிலும் தோன்றுவன; குருதி வெளிப்படுதல் அவற்றின் இயல்பான அறிகுறி. வயிற்றுவலி, மலவாய்க் குருதிப்போக்கு, நீடித்த வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகை ஆகிய நான்கும் இளவயது நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மாதங்களில் மிகுந்து காணப்படும் அறிகுறிகள் என 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுட்டியது. மூலநோய் இருப்பதும் புற்றுநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். ஆகவே குருதிப்போக்கு தொடரும்போது வயது எதுவாயினும் குடல் உள்நோக்கிச் சோதனை தேவை.

அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021இல் அறிகுறியற்றோருக்கான முன்கண்டறி சோதனையின் தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. ஆயினும் 34 வயதினர் இவ்வரம்பிற்குள்ளும் அடங்கார். அவர்களைக் காக்க வல்லது அறிகுறிகளை உரிய நேரத்தில் பொருட்படுத்தும் மருத்துவரின் விழிப்பே.

2.2 மரபுவழிக் காரணங்கள்

இளவயது நோயாளரிடம் முதலில் எழுப்பவேண்டிய வினா, 'குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா?' என்பது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதிற்கு உட்பட்ட 450 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வில், 16 விழுக்காட்டினரிடம் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் மரபுவழி மரபணு மாற்றம் காணப்பட்டது. குடும்ப வரலாறு இல்லாதோரிடமும் இம்மாற்றம் இருக்கக்கூடும் என்பதால், இவ்வயதினர் அனைவருக்கும் மரபணுச் சோதனை செய்ய இன்று பரிந்துரைக்கப்படுகிறது.

இவற்றுள் தலையாயது லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி. உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதால் இது உண்டாகிறது. அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஆல்ட்ரெட் வார்த்தின் 1913இல் வெளியிட்ட ஒரு குடும்ப வரலாற்றில் இதன் முதற்பதிவு உள்ளது. 1960களில் ஹென்றி லிஞ்ச் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து மரபுவழி நோயென நிறுவினார். இக்குறைபாடு உடையோருக்குக் கருப்பை, சூலகம் முதலிய உறுப்புகளிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. 861 பேரைக் கொண்ட ஒரு சோதனையில், நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் உட்கொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் பின்னாளில் குறைந்து காணப்பட்டது. அம்மருந்து குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையின்றி அதனை உட்கொள்ளுதல் ஆகாது.

மற்றொன்று குடும்பவழிப் பாலிப்பு நோய். ஏ.பி.சி. என்னும் மரபணு பழுதுபடுவதால் பதின்பருவத்திலேயே நூற்றுக்கணக்கான பாலிப்புகள் தோன்றும். பெருங்குடலை அகற்றாவிடில் ஏறக்குறைய அனைவருக்கும் நடுவயதிற்குள் புற்றுநோய் உண்டாகும். ஆதலால் இக்குடும்பத்துச் சிறுவர்களுக்குப் பத்து வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே குடல் உள்நோக்கிச் சோதனை தொடங்கப்படுகிறது.

மரபணு முடிவு அறுவையின் அளவையும் மாற்றும். லிஞ்ச் குறைபாடுள்ள 34 வயதினரின் எஞ்சிய பெருங்குடலில் மீண்டும் ஒரு கட்டி தோன்றப் பல பத்தாண்டுகள் உள்ளன. எனவே பெருங்குடலின் பெரும்பகுதியை அகற்றுவது பற்றி எண்ணுதல் தகும். அதே குறைபாடுள்ள 70 வயதினருக்கு அவ்விடர் குறைவு. பெரிய அறுவைக்குப் பின் வரும் அடிக்கடி மலங்கழிக்கும் தொல்லையோ மிகுதி. அவருக்குப் பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் அகற்றுவதே பெரும்பாலும் போதும். இங்கு வயது முடிவில் தலையிடுவது முறையானதே. ஏனெனில் அது எஞ்சிய வாழ்நாளைக் குறிக்கும் அளவாக நிற்கிறது.

2.3 மிகைச்சிகிச்சை என்னும் இடர்

இளையவர் எதையும் தாங்குவார் என்னும் எண்ணம் மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமும் உண்டு. அதனால் வேதிச்சிகிச்சை தேவையற்ற இடத்திலும் அது தரப்படுகிறது. ஒரு மருந்து போதுமான இடத்தில் பல மருந்துகள் சேர்கின்றன. அமெரிக்கப் பதிவேட்டுத் தரவுகளைக் கொண்ட ஆய்வுகள், இளவயதினர் ஒவ்வொரு நிலையிலும் முதியோரினும் கூடுதல் வேதிச்சிகிச்சை பெற்றும், அதற்கேற்ற உயிர்வாழ்வு ஆதாயம் பெறவில்லை எனக் காட்டின.

மரத்துப்போன விரல்களுடன் 34 வயதினர் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். தையல், தட்டச்சு, இசைக்கருவி, நுண்கருவிப் பணி என விரல்நுனி உணர்வையே நம்பிய தொழில்கள் பல. இடர் குறைந்த மூன்றாம் நிலையில் மூன்று மாதம் போதும் என்னும் சான்று, இளவயதினருக்கே மிகுதியும் பயன் தருவது. 'வயது குறைவு, ஆறு மாதம் கொடுத்துவிடலாம்' என்னும் முடிவுக்குச் சான்றின் துணை இல்லை.

2.4 மகப்பேறும் வாழ்க்கையும்

வேதிச்சிகிச்சை கருவளத்தைக் குறைக்கக்கூடும். விந்தணு, கருமுட்டை, கரு ஆகியவற்றை உறைநிலையில் சேமிக்கும் வழிகள் உள்ளன. சிகிச்சை தொடங்கும் முன்பே இதனைப் பேச வேண்டும். அறுவைக்கும் வேதிச்சிகிச்சைக்கும் இடையிலுள்ள காலம் பொதுவாக எட்டு வாரத்தைக் கடக்கலாகாது என்பதால், உரையாடல் தாமதமானால் வாய்ப்பும் கைநழுவும். மணமாகாத இளம்பெண்ணிடம் இது பற்றிப் பேசக் குடும்பத்தார் தயங்குவர். அத்தயக்கத்தை மதித்து மருத்துவரும் வாளாவிருந்தால், இழப்பு அப்பெண்ணுக்கே.

3. நடுவயதினர்: சான்றுகளின் மையம்

58 வயதினர் குறித்துச் சுருக்கமாகவே கூறலாம். ஏனெனில் மேற்கூறிய சோதனைகளின் நோயாளர் அவரை ஒத்தவர்களே. மொசைக் சோதனை 75 வயதைக் கடந்தோரைச் சேர்க்கவில்லை. சான்றின் விளைவுகளை இவ்வயதினருக்கு நேரடியாகப் பொருத்தலாம். எனினும் நீரிழிவு நோயால் நரம்புகள் முன்னரே பாதிக்கப்பட்டிருந்தால் ஆக்சாலிபிளாட்டின் அப்பாதிப்பைக் கூட்டும் என்பதை மறத்தலாகாது. தமிழகத்தில் நடுவயதினரிடம் நீரிழிவு மிகுந்துள்ளமையால் இது இங்குக் குறிப்பிடத்தக்கது. இவ்வயதினரின் உடன்பிறந்தாரும் மக்களும் முன்கண்டறி சோதனைக்கு உரியவர்கள் என்பதையும் தெரிவித்தல் வேண்டும்.

4. எழுபது வயதைக் கடந்தோர்

4.1 அறுவை

'இந்த வயதில் இனி எதற்கு?' என்னும் வினா குடும்பங்களில் கேட்கப்படுவது. அறுவையைத் தவிர்த்தால் அமைதியான முடிவு வரும் என்று எண்ணுவது பெரும்பாலும் பிழை. அகற்றப்படாத கட்டி குடலை அடைக்கலாம், துளைக்கலாம், குருதியைக் கசியவிடலாம். அப்போது நள்ளிரவில் நெருக்கடி அறுவை தேவைப்படும். முதியோருக்கு உயிரிடர் மிகுவது இத்தகைய நெருக்கடி அறுவையிலேயே. திட்டமிட்ட அறுவையைத் தக்க ஆயத்தத்துடன் 80 வயதைக் கடந்தோரும் தாங்குகின்றனர்.

டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் உருவாக்கிய விரைவு மீட்சி முறை இதில் பெருமாற்றம் விளைவித்தது. நீண்ட பட்டினியைத் தவிர்த்தல், அறுவையன்றோ மறுநாளோ எழுந்து நடத்தல், விரைவில் வாய்வழி உணவு, அபினி வகை வலிமருந்துகளைக் குறைத்தல் ஆகியன அதன் கூறுகள். அறுவைக்கு முன் குருதிச்சோகையைச் சரிசெய்தல், புரதவுணவு, நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி ஆகியவற்றால் உடலை ஆயத்தப்படுத்துவதும் இன்று வலியுறுத்தப்படுகிறது. முதியவரைப் படுக்கையிலேயே வைத்துக் கஞ்சி மட்டும் தந்து காப்பது அன்பின் வெளிப்பாடாயினும், தசை தளர்வதற்கு அதுவே வழியாகிவிடும்.

4.2 துணை வேதிச்சிகிச்சை

79 வயதினருக்கு வேதிச்சிகிச்சை பயன் தருமா? இதற்குச் சான்றுகள் ஈரடுக்கு விடை தருகின்றன. முதலாவது, ஃபுளூரோயுராசில் பற்றியது. 3351 நோயாளர்களைக் கொண்ட ஏழு சோதனைகளின் தரவுகளை ஒருங்கிணைத்து 2001இல் வெளிவந்த ஆய்வு, எழுபதைக் கடந்தோரும் இளையோரை ஒத்த பயனைப் பெறுகின்றனர் என்று காட்டியது. இரண்டாவது, ஆக்சாலிபிளாட்டின் பற்றியது. மொசைக் சோதனையில் 70 முதல் 75 வயதினரைத் தனியே பிரித்து நோக்கியபோது அம்மருந்தைச் சேர்த்ததால் தெளிவான ஆதாயம் காணப்படவில்லை. பல சோதனைகளை ஒருங்கிணைத்த பிந்தைய ஆய்வும் இவ்வயதில் ஆதாயம் குறைவு என்றே கூறியது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், முதியவருக்கு வேதிச்சிகிச்சையே கூடாது என்பதும் தவறு; இளையவருக்குத் தருவதை அப்படியே தருவதும் தவறு. உடல்நிலை நன்றாக உள்ள 79 வயதினருக்கு ஃபுளூரோயுராசிலோ கேப்சிடபினோ மட்டும் தருவது பற்றி ஆராயலாம். இதில் ஒரு வரையறை உண்டு: ஒருங்கிணைந்த ஆய்வுகளில் இடம்பெற்ற முதியோர் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள், இதயநோய், சிறுநீரகக் குறைபாடு முதலியன மிகுந்தோர் சோதனைகளில் சேர்க்கப்படுவதில்லை. அவர்கள் பெற்ற பயனை அனைத்து முதியோருக்கும் விரித்துக் கூறுவதில் எச்சரிக்கை வேண்டும்.

மருந்தளவிலும் நுணுக்கம் தேவை. கேப்சிடபின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. மெலிந்த முதியவரின் குருதியில் கிரியாட்டினின் அளவு இயல்பாகத் தோன்றினாலும், தசை குறைந்திருப்பதால் அவ்வெண் ஏமாற்றக்கூடும். வயதையும் எடையையும் சேர்த்துச் சிறுநீரக வடிதிறனைக் கணக்கிட்ட பின்னரே அளவை முடிவு செய்ய வேண்டும். வடிதிறன் நிமிடத்திற்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழிருந்தால் கேப்சிடபின் தருதல் கூடாது. குருதி உறையாமைக்காக வார்ஃபரின் உட்கொள்வோரிடம் இம்மருந்து ஆபத்தான குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

4.3 முதியோர் முழுநிலை மதிப்பீடு

79 வயதினர் இருவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதில்லை. ஒருவர் நாள்தோறும் வயலுக்கு நடந்து செல்பவர். மற்றவர் கட்டிலிலிருந்து எழத் துணை தேடுபவர். இவ்வேறுபாட்டைப் பிறந்த ஆண்டு காட்டாது. அதனை அளப்பதற்கு எழுந்ததே முதியோர் முழுநிலை மதிப்பீடு. நாட்செயல்களைத் தாமே செய்யும் திறன், நடை, விழுந்த வரலாறு, நினைவாற்றல், மனநிலை, ஊட்டம், உடனுள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், வீட்டில் கிடைக்கும் துணை ஆகியவற்றை இது முறையாக ஆராய்கிறது. இம்மதிப்பீடு யாருக்குத் தேவை என்பதை அறிய ஜி8 என்னும் எட்டு வினாக்கள் கொண்ட குறும்படிவம் பயன்படுகிறது. மொத்தம் 17 மதிப்பெண்ணில் 14 அல்லது அதற்குக் குறைவாகப் பெறுவோருக்கு முழு மதிப்பீடு செய்தல் வேண்டும்.

இது வெறும் படிவ நிரப்பல் அன்று என்பதற்கு 2021இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை சான்று. முற்றிய புற்றுநோயுடைய, எழுபதைக் கடந்த 718 பேரைக் கொண்ட அச்சோதனையில், மதிப்பீட்டின் முடிவுகளும் அதற்கேற்ற பரிந்துரைகளும் மருத்துவரிடம் தரப்பட்ட பிரிவில் 51 விழுக்காட்டினருக்குக் கடும் நச்சுவிளைவுகள் நேர்ந்தன. அவை தரப்படாத பிரிவில் இது 71 விழுக்காடு. உயிர்வாழ்வு குறையாமலேயே இம்மாற்றம் கிடைத்தது. மதிப்பீட்டிற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் அமைதியான ஓர் அறையும் சற்று நேரமும் இருந்தால் போதும். பெருந்திரள் நோயாளர்களைக் காணும் மருத்துவமனைகளில் அரிதாகக் கிடைப்பது அந்நேரமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

4.4 முற்றிய நிலை

நோய் பரவிய நான்காம் நிலையில் நோக்கமே மாறுகிறது. வாழ்நாளை நீட்டுதலும் வாழும் நாளின் தன்மையைக் காத்தலும் ஒருங்கே எண்ணப்பட வேண்டும். பல மருந்துச் சிகிச்சைக்கு ஏற்றவரல்லாத, எழுபதைக் கடந்த 280 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த அவெக்ஸ் சோதனையில், கேப்சிடபினுடன் பெவாசிசுமாப் சேர்த்தபோது நோய் முன்னேறாத காலம் 5.1 மாதத்திலிருந்து 9.1 மாதமாக உயர்ந்தது. தளர்ச்சியுற்ற 459 பேரைக் கொண்ட ஃபோக்கஸ்-2 என்னும் பிரித்தானியச் சோதனை, வழக்கமான அளவில் 80 விழுக்காட்டுடன் தொடங்கி, தாங்குதிறன் கண்ட பின் உயர்த்தும் வழியைப் பின்பற்றியது. தளர்ந்தோரையும் ஆய்வுக்குள் கொணர முடியும் என்பதை இவை மெய்ப்பித்தன.

5. ஒரே குறைபாடு, இரு வேறு பொருள்

வயது பற்றிய எளிய முடிவுகள் எங்கே தடுமாறுகின்றன என்பதற்குப் பிழைதிருத்தக் குறைபாடு தக்க எடுத்துக்காட்டு. 34 வயதினரின் கட்டியில் இக்குறைபாடு காணப்பட்டால் லிஞ்ச் மரபுநிலையை முதலில் ஐயுற வேண்டும். 79 வயதினரின் கட்டியிலும் அதே குறைபாடு காணப்படலாம்; ஆனால் அங்குக் காரணம் பெரும்பாலும் மரபுவழிப்பட்டதன்று. முதுமையில் எம்.எல்.எச்.1 என்னும் மரபணு வேதிமாற்றத்தால் அடங்கிப்போவதே காரணமாகும். பெருங்குடலின் வலப்பகுதியில், குறிப்பாக முதிய பெண்களிடம், இது மிகுதி. கட்டியில் பிராஃப் மரபணுவின் குறிப்பிட்ட மாற்றம் இருப்பின் அது மரபுவழிப்படாத வகை என்பதற்குத் துணைச்சான்றாகிறது. ஆகவே ஒரே ஆய்வக முடிவு, ஒரு வீட்டில் உடன்பிறந்தார் அனைவரையும் சோதனைக்கு அழைக்கிறது; மற்றொரு வீட்டில் அவ்வச்சத்தைப் பெரும்பாலும் நீக்குகிறது.

சிகிச்சையைப் பொறுத்தவரை இருவரும் மீண்டும் ஒன்றாகின்றனர். இவ்வகைக் கட்டிகள் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு நன்கு இணங்குவன. 2020இல் வெளியான கீநோட்-177 சோதனையில், இக்குறைபாடுள்ள முற்றிய நோயாளர் 307 பேரிடம் பெம்புரோலிசுமாப் மருந்து வேதிச்சிகிச்சையுடன் ஒப்பிடப்பட்டது. நோய் முன்னேறாத காலம் 8.2 மாதத்திலிருந்து 16.5 மாதமாக உயர்ந்தது. கடும் பக்கவிளைவுகள் 66 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தன. வேதிச்சிகிச்சையைத் தாங்கமாட்டார் என ஒதுக்கப்பட்ட முதியவரே இச்சிகிச்சையால் நெடுநாள் நலமுடன் வாழ வாய்ப்புண்டு. முதியவர் என்பதால் கட்டியின் குறைபாட்டைச் சோதிக்காமல் விடுவது அவ்வாய்ப்பைத் தெரியாமலேயே மறுப்பதாகும். இம்மருந்துகளின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது என்பது உண்மை. ஆனால் சோதனைக்கான திசுச் சாயமேற்றல் முறை எளியது.

6. முடிவெடுத்தலில் நோயாளரின் குரல்

தமிழ்க் குடும்பங்களில் சிகிச்சை முடிவு பெரும்பாலும் கூட்டாக எடுக்கப்படுகிறது. இது முதியவருக்குப் பெருந்துணை. எனினும் 'அப்பாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்' என்று மருத்துவரிடம் மக்கள் வேண்டுவதும் இதே கூட்டுவாழ்வின் மறுபக்கம். நோயின் பெயரே தெரியாத ஒருவரிடம், மூன்று மாத மருந்தின் துன்பத்தை ஏற்கிறாரா என்று எவ்வாறு கேட்பது? இளையவரிடமும் இச்சிக்கல் உண்டு. அவர் சார்பில் பெற்றோர் அனைத்தையும் 'செய்துவிட' விழைவர். இருவரிடத்தும் கேட்கப்படாதது ஒன்றே: உமக்கு எது முதன்மை? பேரக்குழந்தையின் திருமணம் வரை வாழ்தல் ஒருவருக்கு முதன்மை. பிறர் துணையின்றி நடமாடுதல் மற்றொருவருக்கு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை நோயாளரிடமே முதலில் கேட்டறிவது, குடும்பத்தின் அக்கறையையும் நோயாளரின் உரிமையையும் ஒருங்கே காக்கும் வழி.

சிகிச்சைக்குப் பின்னும் வயதுக்கு ஏற்ப நோக்கு மாறும். தொடர் கண்காணிப்பு, நோய் மீண்டால் மறுசிகிச்சைக்கு உடல் இடந்தரும் நிலையிலேயே பொருளுடையது. மறுபுறம், உடற்பயிற்சி அனைத்து வயதினருக்கும் உரியது. துணை வேதிச்சிகிச்சை முடித்த 889 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2025இல் வெளிவந்த சேலஞ்ச் சோதனையில், மூன்றாண்டு முறைப்படுத்தப்பட்ட பயிற்சி பெற்றோருள் 80.3 விழுக்காட்டினர் ஐந்தாண்டு நோயின்றி வாழ்ந்தனர். நலக்கல்விக் குறிப்புகள் மட்டும் பெற்றோருள் இது 73.9 விழுக்காடு.

முடிவுரை

தொடக்கத்தில் கண்ட மூவரின் அறிக்கைகளும் ஒன்றாக இருந்தன. சான்றுகளின்படி அவர்களின் வழிகள் பின்வருமாறு பிரிகின்றன.

• 34 வயதினருக்கு மரபணுச் சோதனையும் கருவளப் பாதுகாப்பு பற்றிய உரையாடலும் முதலில் வேண்டும். வேதிச்சிகிச்சை மூன்று மாதத்துடன் நிற்கலாம். இளமை என்பது கூடுதல் மருந்துக்குக் காரணமாகாது.

• 58 வயதினருக்குச் சோதனைகளின் முடிவு நேரடியாகப் பொருந்தும். உடனுள்ள நோய்களுக்கேற்பச் சிறு மாற்றங்கள் போதும்.

• 79 வயதினருக்கு முழுநிலை மதிப்பீடு முதலில் வேண்டும். நலமுடையவராயின் ஒற்றை மருந்துச் சிகிச்சை ஆராயப்படலாம். தளர்ந்தவராயின் அறுவையோடு நிறுத்துதல் தகும். கட்டியில் பிழைதிருத்தக் குறைபாடு இருப்பின் ஃபுளூரோயுராசில் மட்டும் தருவதன் பயன் ஐயத்திற்குரியது என்பதால், அம்முடிவு மறுபடி எண்ணப்பட வேண்டும்.

இவற்றுள் எந்த முடிவும் வயது என்னும் எண்ணிலிருந்து நேரே பிறக்கவில்லை. கட்டி எத்தகையது, உடல் எவ்வளவு தாங்கும், எஞ்சிய காலம் எவ்வளவு என்னும் மூன்று வினாக்களின் விடைகளிலிருந்தே அவை பிறந்தன. வயது அவ்வினாக்களை எழுப்பும் நினைவூட்டி, அவற்றுக்கு விடையாகாது. இளையவர் என்று குருதிப்போக்கைப் புறக்கணித்தலும், முதியவர் என்று சிகிச்சையைப் புறக்கணித்தலும் ஒரே பிழையின் இரு முகங்கள். சோதனைகளில் முதியோரையும் தளர்ந்தோரையும் கூடுதலாகச் சேர்ப்பதும், முதியோர் மதிப்பீட்டு வினாக்களை நம் பேச்சுவழக்கிற்கும் வாழ்முறைக்கும் ஏற்பத் தமிழில் வடிவமைத்துச் சோதித்தறிவதும் இனி மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணிகளாகும்.